ஏழாவது கலம்

படிவத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
கலை, மொழி, சமூகம், வயது,
எத்தனை தலைமுறை, எந்தத் தெரு,
கடைசியாக ஏழாவது கலம்: நிகழும் சூழல்.

இரண்டாவது கடற்கரைச் சாலையில்
அத்தோ பிசைபவரிடம் தாய்மொழி கேட்டேன்.
புளித்தண்ணி ஊற்றும் கை நிற்கவில்லை.
"வூட்ல தமிழு.
கோவம் வந்தா எங்கம்மா பர்மால திட்டும்.
எத எய்துவ?"
ஒரு மொழிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள்.
பேஜோ நொறுக்கிப் போட்டு
இன்னொரு தட்டு நீட்டினார். அதற்கும் கலம் இல்லை.

கொருக்குப்பேட்டைக் குழாயடியில்
தெலுங்கில் தொடங்கிய சண்டை
மெட்ராஸ் தமிழில் உச்சத்துக்குப் போய்
உருதுவில் சமாதானமானது.
முழுதாகப் பதிவு செய்தேன்.
போட்டுக் கேட்டால்
தண்ணி லாரி ஹாரன் மட்டும் இருக்கிறது.

புளியந்தோப்புப் படிவத்தில்
'மரண கானா' என்று முன்பே அச்சடித்திருந்தார்கள்.
சாலமோனுக்கு இருபத்திரண்டு. சோறு டெலிவரி.
முதுகுப் பையைக் கழற்றாமலே கேட்டான்:
"யாரு பூட்டாங்க?"
யாருமில்லை, சும்மா பதிவுக்குத்தான்.
"சாவில்லாம இன்னாத்த பாடறது?
ஐஸ் பொட்டி உர்ருன்னு ஓடணும்.
அதான் சுருதி."

கொஞ்சம் யோசித்தான்.
"சரி, நீயே பூட்டேன்னு வெச்சிக்கோ. பேரு?"
திலகராணி.
"ஊடு?"
காலடிப்பேட்டை. மொட்டை மாடியில் ஷீட் போட்டது.
"புள்ளைங்க?"
ஒரு பையன்.
"பேசுவானா?"
தீபாவளிக்கு.
"துன்றதுல இன்னா புடிக்கும்?"
நெத்திலிக் குழம்பு, மறுநாள் வைத்தது என்று
சொல்லும்போதுதான் உறைத்தது:
அவன் படிவத்தில் நான் நிரம்பிக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் டாங்கியில் விரல் விழுந்தது.

தெம்பா திரிஞ்சவளே – புள்ளைய
பம்பாயி அனுப்ச்சவளே
ஊராரு பேரெல்லாம் எய்திட்டு – உன்
பேர வுட்டுட்டுப் போனவளே

என் மகன் இருப்பது ஓசூரில்.
எதுகைக்காக பம்பாய் போனான்.
அங்கிருந்தே ரயிலேறினான்,
பெரம்பூரில் குதித்து ஓடிவந்தான்,
லெவல் கிராசிங் மூடிக்கிடந்தது.
கூட்ஸ் வண்டி போகிறது, போகிறது,
அறுபது பெட்டி நிலக்கரி.
காலடிப்பேட்டையில் என் குழம்பு ஆறுகிறது.

சிரித்தபடிதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
நிலக்கரியில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது.
காலி மீன்கூடையோடு போன ஒருத்தி நின்றாள்.
"எந்தூட்டு சாவுடா?"
அவன் முகவாயால் என்னைக் காட்டினான்.
என்னை மேலும் கீழும் பார்த்து உச்சுக்கொட்டி
பத்து ரூபாயை அவன் பாக்கெட்டில் செருகிவிட்டுப் போனாள்.

கேட் திறப்பதற்குள் அவன் போன் கத்தியது.
ரெண்டு பிரியாணி, பட்டாளம், பதினெட்டு நிமிஷம்.
"மீதிய நெசமா வரசொல்லோ பாடறேன் க்கா"
என்று உதைத்துக் கிளப்பினான்.

ஏழாவது கலத்தில் எழுதினேன்:
வியாழன் மாலை. இறந்தவர் உடனிருந்தார்.
லெவல் கிராசிங் இன்னும் திறக்கவில்லை.

படிவம் திரும்பி வந்திருக்கிறது.
சிவப்பு மையில் ஒரு கேள்வி:
எந்த கேட்?