நிழல் பலகை

நவம்பர் அறிக்கையில் நான் எழுத வேண்டியிருந்தது
ஒரே ஒரு எண்.
பூஜ்யம்.
ஹேங்கரிலிருந்து தவறு எதுவும் தெரிவிக்கப்படவில்லை.
கூட்டத்தில் கைதட்டினார்கள்.
சமோசா வந்தது.

எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.
நாற்பத்தாறு பேர், மூன்று ஷிப்ட்,
அடையாற்றைக் கரைதட்ட வைத்த மழை,
பல்லாவரம் கறிக்கடைகளுக்கு மேலே வட்டமடித்து
மெல்ல மெல்ல ஓடுபாதைப் பக்கம்
நகர்ந்துவரும் பருந்துகள்,
இத்தனைக்கும் நடுவே
ஒருவர் கையும் ஒருமுறைகூட நழுவவில்லையாம்.
ஒருநாளும் பால் பொங்கி வழியாத வீட்டில்
ஒன்று பால் இல்லை,
இல்லை அடுப்பு இல்லை.

டிசம்பர் ஒன்பது, விடிகாலை மூன்று நாற்பது.
போனில் குணாளன்.
பின்னால் தகரக் கூரையில் மழை.
"மேடம், பத்து எம்எம் ஸ்பேனர் போர்டுல இல்ல."
கடைசியா எங்க வச்ச?
மழை மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
"எடது இஞ்சின்ல வேல பாத்தேன்.
மூடி மாட்டியாச்சு மேடம்.
கையெழுத்தும் போட்டாச்சு."

போய் நின்றேன்.
பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் நிழல்
வெள்ளைப் பெயின்டில்.
பத்து எம்எம் இருக்க வேண்டிய இடத்தில்
நிழல் மட்டும்.
அதன் நெற்றியில்
ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம்
இன்னும் உதிராமல்.

மதுரை ஐந்து பத்தை நிறுத்தினேன்.
எழுபத்திரண்டு இருக்கை.
முகூர்த்தத்துக்குப் போகும் தாய்மாமன் ஒருவர்
சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு
என் குலத்தையே விசாரித்தார்.
மூடியைக் கழற்றினார்கள்.
டார்ச் அடித்து, கண்ணாடி நுழைத்து,
விரல் போகாத இடத்தில் கம்பி விட்டு,
இரண்டு மணி பத்து நிமிடம்.

இஞ்சினில் இல்லை.
டிராக்டர் சீட்டுக்கு அடியில்
யாக்கோபுவின் மழைக்கோட்டுக்குள்
சுருண்டு கிடந்தது.

"இதுக்குத்தானா?" என்றார் வைத்தியலிங்கம் சார்.
ஒரு தாளில் தாமதச் செலவைக் கூட்டிக்கொண்டிருந்தார்.
இதுக்குத்தான் சார்.
விழாத விமானத்துக்கு எந்த நாளிதழிலும் இடமில்லை,
அதன் செலவுக் கணக்கு மட்டும்
காலை ஏழரைக்கே வந்துவிடுகிறது.

"சரி, ஆள் யாரு? பேரச் சொல்லு."
படிவத்துல பேருக்குக் கட்டம் இல்ல சார்.

இருந்தது.
ஆறு மணிக்கு நான்தான் அழித்தேன்.

அதற்கு மேலே இருந்த கட்டங்களை
இன்னும் நிரப்பவில்லை.
நிகழும் வாய்ப்பு: ஒன்று முதல் ஐந்து வரை.
நிகழ்ந்தால் பாதிப்பு: பச்சை, மஞ்சள், சிவப்பு.
கான்ட்ராக்ட் முடிய மூன்று மாதமே இருக்கிற ஒருவன்
போனை எடுக்கலாமா வேண்டாமா என்று
மழையில் நின்ற அந்த நேரத்தை
எந்த நிறத்தில் வைப்பது?
குணாளனிடம் கேட்டேன், எவ்வளவு நேரம் நின்ற?
"பத்து நிமிசம் இருக்கும் மேடம்" என்றான்.
பிறகு, "இருபது."

மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்தபோது
மடித்த தாள்கள்.
ஒன்று டீக்கடை பில்லின் முதுகில்.

ரெண்டாவது ஓடுபாதை ஓரம் செத்த நாய், நாலு பருந்து.
தொடர்ந்து ரெண்டு ஷிப்ட், கண்ணு சொக்குது, பிரேக் வேல எனக்குத் தராதீங்க.
எண்ணெய் டப்பா லேபிள் மாத்தி ஒட்டியிருக்கு.
ஏணி, மூணாவது படி ஆடுது, ஆயுத பூஜைக்கு முன்னாடியிலேர்ந்து.

பதினொன்று.
கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை.
"பூஜ்யத்துலேர்ந்து பதினொண்ணா?" என்றார் சார்,
காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல.
சமோசாவும் இல்லை.
எனக்கு அன்றைக்குத்தான் பசித்தது.

இரவு, எல்லாரும் போன பிறகு,
புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன்.
பன்னிரண்டாவது.

பூஜைக்கு மாவிலை கட்ட
அந்த ஏணியில் நானும் ஏறினேன்.
மூன்றாவது படி ஆடியது.
இறங்கிவந்து பொரிகடலை வாங்கிக்கொண்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

பெயருக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்,
ஜெசிந்தா.