பேரிகை, மூன்றாம் எண் பசுமைக்குடில்

பதிவு மூன்று பதினொன்றில் நின்றுவிட்டது.
'மணி வந்தது' என்றொரு வரி.
அதற்குக் கீழே ஓர் எழுத்துகூட இல்லை.

ஓசூரிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள்
குளிர் உள்ளே வந்து, இருந்து, போயும்விட்டது.
பக்கத் திரை சுருட்டியது சுருட்டியபடி மேலே.
நாலாயிரம் தண்டு சிவப்பு ரோஜா,
ஒவ்வொரு இதழின் விளிம்பிலும் கருகல்.
காதலர் தினத்துக்கு எட்டு நாள்.

"உங்க மிஷின் தூங்கிடுச்சும்மா" என்றார் கெம்பராஜு.
தூங்கச் சொன்னதே நான்தான்.
பேட்டரியில் பிழைக்கிற பொருள்,
வேலை இல்லாதபோது தூங்கத்தான் வேண்டும்.
தூங்கியதில் தப்பில்லை.
எழவில்லை.

உர மூட்டைமேல் உட்கார்ந்து
சீரியல் கேபிளைச் செருகினேன்.

கெர்னல் தூங்கப் போவது
நாம் கட்டிலில் விழுவது மாதிரி இல்லை,
கடை எடுத்துவைக்கிற மாதிரி.
ஓடுகிற வேலைகளை அப்படியே உறைய வைக்கும்.
டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு
உன் சாதனத்தை அடக்கு என்கும்.
பிறகு குறுக்கீடுகளின் முறை.
மோட்டாரோ ஈரமானியோ ரேடியோவோ
எது கம்பியை இழுத்தாலும் இனி
என்ன என்று கேட்க ஆள் வராது.

கடிகாரம் மட்டும் விலக்கு.
'என்னை அடைக்காதே' என்று
அதன் பெயரில் ஒரு கொடி நட்டிருந்தேன்,
மூன்று பதினொன்றுக்கு மணி அடிக்க.
(ஏன் பதினொன்று? கெம்பராஜு சொன்ன நேரம்.
பனி அப்போதுதான் இறங்குமாம்.)

பலகையை வரைந்த அந்தோணி ராயப்பனுக்கு
ஒரு கால் பற்றாக்குறை.
கடிகாரத்தையும் காற்றுமானியையும்
ஒரே கம்பியில் கட்டிவிட்டான்.
அதிலும் தப்பில்லை, ஊரெல்லாம் கட்டுகிறார்கள்.
ஒரு கம்பி, இரண்டு மணி.
அடித்தது யார் என்று
இருவரிடமும் போய்க் கேட்பது வழக்கம்.

நேற்று மாலை ஏற்றிய புது நிரலில்
காற்றுமானியின் மின்சாரத்தையும் தூக்கத்தில் அணைத்தேன்,
பேட்டரி இன்னும் ஒரு நாள் தாங்கட்டும் என்று.

மூன்று பதினொன்று.
கடிகாரம் அடித்தது.
கெர்னல் முதலில் போனது காற்றுமானியிடம்.
நீயா அடித்தாய்?
இருட்டு. பதில் இல்லை.
பதில் வரும்வரை நகராதே
என்று எழுதி வைத்திருந்தவள் நான்.
எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை.
என் மேசையில் அந்தச் சிப்புக்கு
வேறு வழியில் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது,
கேட்ட உடனே சொல்லும்.

இங்கே, பேரிகைக் குளிரில்,
ஆளில்லாத வாசலில் கெர்னல் நின்றது.
அதன் முதுகுக்குப் பின்னால் கடிகாரம்.
அதற்கும் பின்னால் நாலாயிரம் ரோஜா.

அப்போதுதான் என் போனை எடுத்துப் பார்த்தேன்.
3.50, 3.52, 4.05.
கெம்பராஜு, கெம்பராஜு, கெம்பராஜு.
இரவில் இரண்டு எண்களுக்குத்தான் அது வாய் திறக்கும்,
கணவர், பிள்ளையின் ஹாஸ்டல்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கருகிய தண்டுகளை வாளியில் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார்.

கொடியைப் பிடுங்கினேன்.
கடிகாரத்தை எழுப்புவோர் பட்டியலில் சேர்த்தேன்.
இரண்டும் ஒன்றுதான் என்று
ஆறு வருடம் நினைத்திருக்கிறேன்.
ஒன்று, வீடு தூங்கும்போதே
கதவைத் திறந்து பேச்சுக் கொடுப்பது.
மற்றது வேறு.
மணி வந்ததைக் குறித்துக்கொள், பதில் சொல்லாதே.
முதலில் எல்லாரையும் எழுப்பு. விளக்குப் போடு.
அப்புறம் வாசலுக்குப் போ.

அடைத்த பிறகு, உறங்குவதற்கு முன்,
அந்த நூலளவு இடைவெளியில் மணி வந்தால்?
உறக்கத்தையே விட்டுவிட வேண்டும்.
வேண்டுமென்றே ஏழு தடவை அடித்துப் பார்த்தேன்.
ஆறு தடவை விட்டது.
ஏழாவதில் நான்தான் தாமதம்,
அது தூங்கியே போயிருந்தது, உடனே எழுந்தது.

இரவு அங்கேயே இருந்தேன்.
நாலாயிரம் தண்டுக்கு யார் பணம் என்று
இருவரும் இன்னும் பேச்சை எடுக்கவில்லை.
அட்டைப்பெட்டிகளை விரித்து அவர் படுத்துவிட்டார்.

மூன்று பதினொன்று.
பலகையில் ஒரு பச்சைப் புள்ளி.
மோட்டார் செருமியது.
பக்கத் திரை ஒரு சாண் இறங்கி, யோசித்து,
மீதியும் இறங்கியது.

கெம்பராஜு புரண்டுகூடப் படுக்கவில்லை.
அவர் பட்டியலில்
அந்தச் சத்தம் இல்லை போல.