இருபத்தேழாம் எண் பட்டை

டார்ச்சின் வாயைக் கையால் பொத்தினால்
விரலிடுக்கெல்லாம் சிவக்கும்.
எங்கள் ஆய்வு மொத்தமும் அந்தச் சிவப்பில்தான்.
தோலைத் தாண்டிக் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே போகிறது.
அங்கே நகத்தளவு ஒரு சூரியத் தகடு காத்திருந்தால்
பேஸ்மேக்கருக்கு அது சோறு போடும்.
பத்து மைக்ரோவாட் போதும் ஓர் இதயத்துக்கு.
பேட்டரி தீர்ந்ததென்று
மறுபடி மறுபடி நெஞ்சைக் கீற வேண்டாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.
ஆனால் மனிதர்கள் எவ்வளவு நேரம் வெயிலில் இருக்கிறார்கள்?
அதை அளக்க நாற்பது பேருக்கு மேல்கையில் பட்டை கட்டினோம்.
பட்டையில் தகடு, தகட்டின் மேல்
தோலைப் போலவே ஒளியைத் தின்னும் கண்ணாடி.
"எப்போதும் போல வாழுங்கள்" என்றோம்.

பெர்ன், மழைக்குப் பயந்து கட்டிய ஊர்.
கடைவீதி முழுக்கக் கல்வளைவுகளுக்குக் கீழே நடை.
ரயிலடியில் இறங்கி ஆற்றுப்பாலம் வரை
உச்சந்தலையில் ஒரு சொட்டு வெயில் விழாமல்
போய்விடலாம்.

தபால்காரர் பெயாட்டின் வரைபடம் மலைத்தொடர்.
ஆரே ஆற்றில் மிதந்தபடியே வீடு திரும்பும் ஒரு மாணவன்
ஒரே மதியத்தில் ஒரு வாரத்துக்குச் சம்பாதித்தான்.
இருபத்தேழாம் எண், ஊர்சினா லெடர்மன்,
மருத்துவமனைச் சலவைக்கூடம், நிலத்தடி இரண்டாம் தளம்.
கோடு படுத்தே கிடந்தது.
டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டவேயில்லை.

பிறகு மே ஒன்பதிலிருந்து
தினமும் பன்னிரண்டு நாற்பதுக்கு
கோட்டிலிருந்து ஒரு முள் எழுந்தது.
ஒன்பது நிமிடம். திரும்பப் படுத்துக்கொண்டது.
மழை நாளில் குட்டை முள்.
ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை.

ஜூலையில் பட்டையைத் தர வந்தபோது கேட்டேன்.
"ஆம்புலன்ஸ் நிற்குமிடத்தில் ஒரு சுவர் இருக்கிறது.
சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு நிற்பேன்.
ஞாயிறானால் வீட்டுப் படிக்கட்டு.
இதற்குப் பசிக்குமே என்று தோன்றியது.
கீழேயே வைத்திருந்தால்
நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது."

எப்போதும் போல வாழச் சொல்லியிருந்தோம்.
அவள் பட்டைக்காக வெளியே வந்திருக்கிறாள்.
விதி தெளிவானது. அன்றிரவு
ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினேன்.
அறுபத்தொன்று.
கடைசி முள்ளும் போனதும்
கணினி முதலிலிருந்து கூட்டியது.
சேமிப்பு கரைந்து
மே இருபத்தொன்று, செவ்வாய், அதிகாலை நான்கேகாலுக்குக்
கணக்கில் அவள் இதயம் நின்றது.

அந்த நேரத்துக்கு
முதல் டிராம் கிளம்பும் முன்பே
சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருப்பாள்.
அந்தச் சாலையில் ஒரு மேடு உண்டு.

'எண் 27: பொருந்தாது' என்று அறிக்கையில் எழுதினேன்.
சரியான வாக்கியம்.
இப்போது கேட்டாலும் திருத்தமாட்டேன்.

ஆனால் அன்று என் மேசையருகே
அவள் பட்டையை அவிழ்த்தபோது
நாலு விரல் அகலத்துக்கு வெளுப்பாய் ஒரு வளையம்.
அதற்கு மேலும் கீழும் தோல் லேசாகக் கறுத்திருந்தது.
விளக்கருகே கையைத் திருப்பிப் பார்த்தாள்.
கட்டைவிரலை எச்சிலில் தொட்டு
கறையா என்று தேய்த்தாள்.
போகவில்லை.