கண்ணி அளவு

நியூஃபவுண்ட்லாந்தின் இந்தக் கரையில்
மார்ச் என்பது இன்னொரு ஜனவரி.
கூட்டுறவு வங்கிக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு
கிளாரன்ஸ் ஹாலெட் வந்தார்.
ரப்பர் பூட்ஸில் பனிச்சேறு,
கையில் நூலகத்தில் அச்செடுத்த ஐந்து தாள்.

"நாலாயிரத்து இருநூறு டாலர், வெர்னா.
இன்றைக்கே போகவேண்டும்.
வீட்டுக் கூரைக்கு."

கூரை என்று சொல்லச் சொன்னது மூன்றாவது தாள்:
'வங்கி ஊழியர்கள் பொறாமைக்காரர்கள்.
கேட்டால் கூரை பழுது என்று சொல்லவும்.'
அதையும் கசங்காமல் கொண்டுவந்திருந்தார்.

எங்கோ ஒரு விமானம் விழுந்ததாம்.
செத்த பொறியாளர் பெயரும் ஹாலெட்டாம்.
பதினெட்டு மில்லியன் டாலர், வாரிசு இல்லை,
உலகத்தில் மிச்சமுள்ள ஒரே உறவு நீங்கள்தானாம்.

இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால்
ஒரு ஹாலெட் மேல்தான் விழும்.
கல்லறையில் எறிந்தாலும் அப்படியே.

முத்திரைத் தாளுக்குத் தொண்ணூறு, போன மாதமே போய்விட்டது.
வக்கீலுக்கு அறுநூற்றைம்பது, அதுவும்.
இப்போது ஏதோ சான்றிதழாம், அதற்குத்தான் இது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
இங்கே சுண்டைக்காயைக்
கண்டவர்கூட இல்லை.

தாள்களைப் பக்கம் பக்கமாய் வைத்துக் காட்டினேன்:
வக்கீலும் வங்கி மேலாளரும்
ஒரே சொல்லில் ஒரே எழுத்தை விழுங்குகிறார்கள்.

"அதைத்தான் நானும் சொல்கிறேன்.
திருடன் என்றால் திருத்தமாய் எழுதமாட்டானா?
இவன் பாவம், பள்ளிக்கூடம் சரியாய்ப் போகாதவன்.
என்னைப் போல."

"இல்லை, கிளாரன்ஸ்.
பிழையைப் பார்த்துச் சிரிப்பவர்கள்
சிரித்துவிட்டுப் போகட்டும் என்றே
அப்படி விட்டிருக்கிறான்.
கடைசிவரை நம்பமாட்டாதவனோடு
அவனுக்கு என்ன பேச்சு?
சிரிக்காதவர்களுக்குத்தான் இரண்டாம் கடிதம்."

அவர் பதில் சொல்லவில்லை.
கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும்
மேசைமேல் விரித்தார்,
காட் மீன் இருந்த காலத்தில்
வலைக் கண்ணியை அளந்த அதே அகலம்.
"வேண்டாததை வெளியே விடத்தான் ஓட்டை,"
என்றார் விரல்களிடம்.
"அப்போ நான் தங்கிய மீன்."

தொண்ணூறு திரும்பி வருமா என்றார்.
வராது என்றேன்.
அறுநூற்றைம்பதை அவர் கேட்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார்.
இம்முறை ஒரே தாள், நான்காய் மடித்தது.
மோசடியில் இழந்த பணத்தை
மீட்டுத்தரும் அலுவலகமாம்.
அவர் பெயரும், இழந்த தொகையும்
சென்ட் பிசகாமல் அச்சாகியிருந்தன.
ஒரு பிழைகூட இல்லை.
கட்டணம் அறுபது டாலர் மட்டும்.

"பார்த்தாயா," என்று
இரண்டு விரல்களையும் உயர்த்தி
ஓர் அங்குலத்துக்குக் குறுக்கினார்.
"கண்ணியைச் சின்னதாக்கிவிட்டான்."
சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறு கை மட்டும்
கோட்டுப் பையிலேயே இருந்தது.
அதில் என்ன வைத்திருக்கிறார் என்று
நான் கேட்கவில்லை.