முட்டை மதிப்பெண்

மடியில் அரையாண்டுத் தேர்வுத் தாள்கள்,
ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு.
லிவின்குமாருக்கு இந்த முறையும் முட்டை.
சிவப்பு மையில் வட்டம் போட்டு
உள்ளே இரண்டு கண்ணும் வைப்பது
பதினேழு வருடப் பழக்கம் எனக்கு.
வாங்கியவனும் சேர்ந்துதான் சிரிப்பான்.

எட்டு மணிக்கு ஊசி.
தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி,
நேற்று இடம், இன்று வலம்.
பேனா போலவே இருக்கிறது.
திருகினால் எண் வந்து நிற்கிறது: முந்நூறு.
இவ்வளவு விலையுள்ள பேனாவால்
நான் எதையும் திருத்தியதில்லை.

இரண்டிலிருந்து எட்டு டிகிரி,
உறையவே கூடாது மேடம், என்றாள்
கோயம்புத்தூர் நர்ஸ்.
கேத்தியில் ஜனவரி மாதம்
ஃப்ரிட்ஜுக்குள்தான் கொஞ்சம் கதகதப்பு என்று
அவளுக்கு எப்படித் தெரியும்.
கேரட் தழை முழுக்க உறைபனி, உப்பு கொட்டிய மாதிரி.
கரண்ட் போன ராத்திரி
மருந்தைக் கம்பளித் தொப்பியில் சுற்றி
அரிசி டின்னில் புதைத்தான் போஜன்.
மூன்று முறை எழுந்து
தெர்மாமீட்டரை டார்ச் அடித்துப் பார்த்தான்.
"குழந்தையப் பாத்துக்கிற..." என்று ஆரம்பித்தவன்
வாயைத் துடைத்துக்கொண்டு படுத்துவிட்டான்.

வயது நாற்பத்தொன்று.
ஏ.எம்.எச். பூஜ்ஜியம் புள்ளி ஆறு.
பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி
எவ்வளவு பெரிய விஷயம் என்று
கணக்கு டீச்சருக்குத் தெரியும்.
தெரிந்தும் அழுதேன்,
மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு கழிவறையில்,
ஐந்து ரூபாய் கொடுத்து.

டாக்டர் மரகதவல்லி சொன்னார்:
எண்ணிக்கை ஒன்று, தரம் வேறொன்று.
முதலாவதை ரத்தம் சொல்லும்.
இரண்டாவதை உங்கள் வயதை வைத்து
ஊகிக்கிறோம், அவ்வளவுதான்.
தரத்தை ஏற்ற வழி உண்டா என்றேன்.
நோட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்,
ஆரஞ்சு நிறக் கோ-க்யூ டென்,
வைட்டமின் டி, மாதுளை, ஏழு மணி நேரத் தூக்கம்.
"சிலருக்கு உதவுற மாதிரி தெரியுது,
சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்.
இத்தனை டாக்டர்களில்
தெரியாது என்று சொன்னவர் இவர் ஒருவர்.
இவரிடமே இருந்துவிட்டேன்.
மாத்திரையும் விழுங்கினேன்.
கொலஸ்ட்ராலா என்று கேட்டது ஸ்டாஃப் ரூம்.
ஆமாம் என்றேன்.

ஸ்கேன் நாட்களில்
போஜனின் கேரட் லாரியிலேயே இறங்குவேன்,
விடியற்காலை மூன்று மணிக்கு.
கழுவிய மூட்டைகள் பின்னால் சொட்டிக்கொண்டே வரும்.
பதினான்கு கொண்டை ஊசி.
எனக்குப் பன்னிரண்டுதான்.
"ரோடு உன்ன விட ரெண்டு அதிகம்" என்பான்.
ஒவ்வொரு திருப்பத்திலும்
வயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன்.
உள்ளே இருப்பவை வெறும் நீர்ப்பைகள். தெரியும்.
கை கேட்பதில்லை.
பர்லியாறு தாண்டியதும் காது திறந்துகொள்ளும்,
அவன் கண்ணாடியை இறக்குவான்,
பாக்கு மர வாசனை வரும்.

திரையில் கறுப்பு வட்டங்கள்.
யாரும் கண் வைக்காதவை.
வலத்தில் மூன்று, இடத்தில் ஒன்று.
பதினெட்டு மில்லிமீட்டர், பதினேழு, பதினாறு;
ஒன்று ஒன்பதோடு நின்றுவிட்டது.
பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குப் பத்தொன்பதாம்,
இருபத்தாறு வயதாம்.
நர்ஸ் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

எடுத்தது மூன்று.
முதிர்ந்தது இரண்டு.
கருவானது ஒன்று.
ஐந்தாம் நாள் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

இன்று ஐந்து.
ஒன்பது பி-யில் நிகழ்தகவு.
பையில் ஐந்து பந்து, இரண்டு சிவப்பு,
கண்ணை மூடி ஒன்றை எடுக்கிறோம்.
லிவின்குமார் கை தூக்குகிறான்,
வருடத்தில் முதல் முறை.
"பையில பந்தே இருக்கா இல்லையான்னு
தெரியலேன்னா என்ன போடறது, மிஸ்?"

வகுப்பு சிரிக்கிறது. நான் சிரிக்கவில்லை.
நல்ல கேள்வி, என்று கரும்பலகையில்
பின்னத்தின் கோட்டை இழுக்கிறேன்.
மேஜை இழுப்பறைக்குள்
ஜியாமெட்ரி பாக்ஸின் மேல்
போன் அதிர்கிறது, காம்பஸ் கிணுகிணுக்கிறது.
கோட்டுக்கு மேலே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
கீழேயும்.