சக்கரத்துக்குள் இருந்த காற்று

ஓட்வாரின் கடல் வரைபடத்தில்
முப்பத்தெட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பெருக்கல் குறி.
பக்கத்தில் பென்சிலால்: சனியன்.
அவர் அப்பா காலம் தொட்டுப்
பதினேழு வலைகளைக் கிழித்துத் தின்ற இடம்.

ஐலிஃப் மூழ்கிப் பார்த்து வந்து சொன்ன பிறகுதான்
சனியனுக்கு இறக்கை இருப்பது தெரிந்தது.

இன்று தூக்குகிறோம்.
கிரேனில் சுன்னிவா.
தூங்குகிற பிள்ளையின் கைக்கடியிலிருந்து
போர்வையை உருவுகிற மாதிரி
வடத்தைச் சுற்றுகிறாள்.

முதலில் வந்தது விமானமல்ல, வலைகள்.
சணல், பச்சை நைலான், நீலம்,
ஒன்றன்மேல் ஒன்றாக.
"அந்த நீலத்துக்கு
இன்னும் கடன் அடையவில்லை" என்கிறார் ஓட்வார்.

பிறகு வால்.
பிறகு எல்லா ஓட்டைகளிலும் கடலை ஊற்றிக்கொண்டு
மெலிந்த உடம்பு.
விமானியின் இருக்கையிலிருந்து
ஒரு சிங்கி இறால் தளத்தில் விழுந்து
எங்கள் எல்லோர் மேலும் கொடுக்கைத் தூக்கியது.
ஐலிஃப் அதை மரியாதையாகத் தண்ணீரில் விட்டான்.

எலும்புகள் இல்லை.
நால்வரும் நீந்திக் கரையேறிப்
பிடிபட்டதாக ஏட்டில் இருக்கிறது.

என் வேலை நல்ல தண்ணீர் அடிப்பது.
உப்போடு உலர்ந்தால் அலுமினியம் பொரிந்து உதிரும்.
"ஒரு விரற்கடை காயக் கூடாது"
என்கிறாள் அருங்காட்சியகத்து பொர்க்ஹில்.
கடல் எண்பது வருடமாகச் செய்யாததை
ஒரு மதியம் செய்துவிடுமாம்.
பறக்கச் செய்த பொருளைக்
காற்றிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

இடது சக்கரத்தில் தண்ணீர் பட்ட சத்தம் வேறாக இருந்தது.
கட்டைவிரலால் அமுக்கினேன்.
அமுங்கியது. திரும்பி வந்தது.

காற்று.

ஏதோ இங்கிலாந்து ஓடுதளத்தில்,
மழையில்,
இரவுச் சாப்பாடு ஆறிப்போகிறதே என்று திட்டிக்கொண்டே
ஒருவன் அடித்த காற்று.
ஏறிய நால்வருக்கும் பெயர் உண்டு ஏட்டில்.
அவனுக்கு இல்லை.
வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறான்.

வைத்திருந்தால் வெடிக்கும், திறந்துவிட வேண்டும்.
ஐலிஃப் வால்வைத் திருகினான்.
மெல்லிய சீறல்; நினைத்ததைவிட நீளம்.
ஓட்வார் தொப்பியைக் கழற்றினார்.
நாங்கள் பார்ப்பதைப் பார்த்துத்
தலையைச் சொறிந்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

"என்ன வாசனை?" மேலிருந்து சுன்னிவா.

ரப்பர் என்றேன்.
வேறொன்றும் இருந்தது.
சொல்ல வாயெடுப்பதற்குள்
வால் பக்கம் காய்கிறதென்று கத்தினாள் பொர்க்ஹில்.
குழாயைத் திருப்பினேன்.