ஒரு வீதம்

நாவற்குடாவில் பதினொரு பேர்ச்.
மூன்று அறை, கிணறு, காய்க்கிற தென்னை இரண்டு.
எண்பத்தாறு லட்சம் என்றார் வில்லவராசா,
விற்கிறவரின் புரோக்கர்.
"எனக்குத் தாறதப் பத்தி நீங்க யோசிக்க வேணாம் மிஸ்,
அது அவங்க தருவாங்க."
அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

பின் அறைக்குச் சாவி இல்லையாம்.
சுவரில் முழங்கால் உயரத்துக்குப் புதுப் பெயின்ற்,
அதற்கு மேல் பழசு.
"மறுகா வாங்க, மிச்சத்தையும் பாக்கலாம்."

இரவு டியூட்டி.
மூன்றாம் கட்டிலில் சேலைன் சொட்டச் சொட்டக்
கணக்குப் போட்டேன்.
எனக்கென்று ஒரு ஆள் வைத்தால்
ஒரு வீதம், எண்பத்தாறாயிரம்,
வங்கிக்கு ஒன்றரை மாதத் தவணை.
வைக்காவிட்டால்?
ஆட்டோக்காரரிடமே பேரம் பேசத் தெரியாதவள்
வீட்டுக்காரரிடம் என்ன பேச?
"உன்ர கண் போதாதா" என்றார் கத்தாரிலிருந்து அவர்,
வீடியோவில் கூரையை மட்டும் பார்த்துவிட்டு.

ஆரையம்பதித் தவமலரைப் பிடித்தேன்.
காணி, வீடு, வளவு எல்லாம் பார்ப்பாள்.
ஒரு வீதத்தில் சதம் குறையாது.

சனிக்கிழமை வந்தார்கள்,
இருவரும், ஒரே மோட்டார் சைக்கிளில்.
வில்லவராசா ஓட்ட அவள் பின்னால்.
காத்தான்குடியில் பஸ் பழுதாம்.
வழியில் தொடங்கிய ஏதோ பகிடிக்கு
இறங்கியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
போச்சு, என்று நின்றேன்.

அவள் உறுதியைக் கேட்கவில்லை.
கிணற்றடிக்குப் போனாள். வாளியை விட்டாள்.
ஒரு கை அள்ளி வாயில் வைத்து
வில்லவராசாவின் முகத்தைப் பார்த்தபடியே
துப்பினாள்.
அவர் தென்னையைப் பார்த்தார்.

பிறகு உள்ளே வந்து குந்தி இருந்து
புதுப் பெயின்றை நகத்தால் சுரண்டினாள்.
கார்த்திகை வெள்ளம்
அங்கே இன்னும் ஒரு கோடாக நின்றது.
"வாவி வந்து போற வீட்டுக்கு எண்பத்தாறா?
எழுபத்தொண்டு. இல்லாட்டி
நாங்க வாறம்."
பாதி வாசல் போனபோது
பின் அறைச் சாவி
வில்லவராசாவின் காற்சட்டைப் பையிலிருந்து வந்தது.

வாங்குவேனா, இன்னும் தெரியாது.
அந்த அறைக்குள் பார்த்ததை
அவருக்கு இன்னும் சொல்லவில்லை.
"முப்பது வருசத்துப் பதிவு தேடிப்போட்டு
ஒரு வார்த்த சொல்றன், அவசரப்படாதீங்க"
என்றாள் தவமலர்,
சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு

அதே மோட்டார் சைக்கிளில் ஏறும்போது.